பொறி சிவக்கிறதா, புலன் ஏற்கிறதா? அரிஸ்டாட்டிலின் மெழுகு உவமை பற்றி ஓர் இழை

#1 வேம்படி

அரிஸ்டாட்டிலின் 'உயிர் பற்றி' நூலில் இரண்டாம் புத்தகம், 12ஆம் இயல். 424அ 17இல் தொடங்கும் அந்தச் சில வரிகளைப் பற்றித்தான் இந்த இழை. (எண்கள் 1831இல் பெர்லினில் வந்த பெக்கர் பதிப்பின் பக்க எண்கள். இடப்பத்திக்கு அ, வலப்பத்திக்கு ஆ என்று போடுகிறேன். எந்த மொழிபெயர்ப்பிலும் ஓரத்தில் இவை இருக்கும், தேடிக்கொள்ளலாம்.)

அங்கே சொல்வது இவ்வளவுதான். புலன் என்பது உணரப்படும் பொருளின் வடிவை, அதன் பொருண்மை இல்லாமல் ஏற்க வல்லது. மோதிரத்தின் இரும்போ பொன்னோ ஒட்டாமல், அதன் முத்திரையை மட்டும் மெழுகு ஏற்பதைப் போல.

படிக்கும்போது எளிதாக இருக்கிறது. ஒரு செம்பருத்தியைப் பார்க்கும்போது கண்ணில் என்னதான் நடக்கிறது என்று கேட்டதும் குழப்பம் வந்துவிடுகிறது. ரிச்சர்ட் சொராப்ஜி 1974இல் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு கட்சி: கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் உண்மையிலேயே சிவப்பாகிறது. மைல்ஸ் பர்ன்யெட் 1983இல் சுற்றுக்கு விட்டு 1992இல் அச்சேறிய கட்டுரையிலிருந்து எதிர்க்கட்சி: கண்ணில் பௌதிக மாற்றம் எதுவும் தேவையில்லை, சிவப்பை உணர்வதே அந்த 'ஏற்றல்'. மூலத்துக்கு எது நெருக்கம்? வரிகளைக் காட்டிப் பேசுங்கள்.

#2 ஏடுபடிப்பவர்

வேம்படி, 424அ 17இலிருந்து தொடங்காதீர்கள். இந்த உவமையில் வழுக்கி விழுகிறவர்களில் பெரும்பாலோர் நேராக அங்கே போய் நிற்பவர்கள்தான்.

அதற்கும் முன்னால் ஒரு சொல். நூலின் தலைப்பில் 'உயிர்' என்பதற்கு உள்ள கிரேக்கச் சொல் 'ப்சூகே'. தமிழில் பலரும் அதை ஆன்மா என்று எழுதிவிடுகிறார்கள். இந்த நூலுக்கு அது ஆகாது. ஆன்மா என்றதும் உடலை விட்டுப் போகும், மறுபடி பிறக்கும் என்ற எண்ணம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். பிளேட்டோவின் 'பைதோன்' படிக்கும்போது அந்தச் சொல் ஓரளவு பொருந்தும். அரிஸ்டாட்டில் முள்ளங்கிக்கும் ப்சூகே உண்டு என்பவர். நமக்குக் கைவசம் 'உயிர்' இருக்கிறது. செடிக்கு உயிர் உண்டு என்று சொல்ல நாம் யோசிப்பதேயில்லை. அந்த இயல்பான பொருளில்தான் அவரும் பேசுகிறார்.

இனிப் படிக்கும் வரிசை.

முதலில் இரண்டாம் புத்தகம், இயல் 1. கோடரி ஓர் இயற்கை உடலாக இருந்திருந்தால், கோடரியாய் இருத்தலே அதன் உயிர். கண் ஒரு விலங்காக இருந்திருந்தால், பார்வையே அதன் உயிர். பார்வை போன கண் பெயரளவில்தான் கண். கல்லில் செதுக்கிய கண்ணைப் போல, ஓவியத்துக் கண்ணைப் போல (412ஆ 18-22). உயிர் உடலுக்குள் வைத்த இன்னொரு பொருள் அல்ல என்பது இங்கே பிடிபட வேண்டும். உயிரும் உடலும் ஒன்றா என்று கேட்பதே வீண், மெழுகும் அதில் பதிந்த வடிவும் ஒன்றா என்று கேட்பது போல என்று இங்கேயே ஒருமுறை மெழுகு வருகிறது. அந்த மெழுகு வேறு, 12ஆம் இயலின் மெழுகு வேறு. கலக்க வேண்டாம்.

அடுத்து இயல் 5, நிதானமாக. இலக்கணம் அறிந்தவர் என்று மூன்று பேரைச் சொல்லலாம். மனிதப் பிறவி என்பதால் கற்கக்கூடியவர் ஒருவர். கற்று முடித்து இப்போது வேறு வேலையில் இருப்பவர் ஒருவர். இதோ இந்த எழுத்து 'அ' என்று இந்தக் கணத்தில் அறிந்துகொண்டிருப்பவர் ஒருவர். முதலாமவர் இரண்டாமவராக ஆவது மாற்றம்: அறியாமை அழிந்து அறிவு வருகிறது. இரண்டாமவர் மூன்றாமவராக ஆவதில் எதுவும் அழியவில்லை. இருப்பது காக்கப்பட்டு வெளிப்படுகிறது. பிறக்கும்போதே விலங்கு புலனைப் பொறுத்தவரை இரண்டாம் நிலையில் இருக்கிறது (417ஆ 16-18). அதனால் பார்ப்பது என்பது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவது. பர்ன்யெட் கட்சிக்கு முதுகெலும்பே இந்த இயல்தான்.

பிறகு இயல் 11, தொடுகை. பிறகுதான் 12.

#3 கருவிழி

ஏடுபடிப்பவர் சொன்ன வரிசை சரி, ஆனால் மூன்றாம் புத்தகத்தின் இரண்டாம் இயலை விட்டுவிட்டார். அதை விட்டால் சொராப்ஜி பக்கத்து வழக்கு பாதியாகிவிடும்.

425ஆ 22-24: "பார்ப்பதும் ஒரு வகையில் நிறமேறியதே, ஏனெனில் ஒவ்வொரு பொறியும் உணரப்படுவதைப் பொருண்மை இல்லாமல் ஏற்கக்கூடியது."

இந்த இடத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கிரேக்கத்தில் 'ஐஸ்தேஸிஸ்', 'ஐஸ்தேதேரியோன்' என்று இரண்டு சொல். தமிழில் அப்படியே புலன், பொறி. கண் பொறி, பார்வை புலன். (புலன் என்ற சொல்லால் ஓசை, ஒளி போன்ற உணரப்படும் பொருளையும் சுட்டுவதுண்டு, இந்த இழையில் ஆற்றலுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.) 424இல் வடிவை ஏற்பது புலன் என்கிறார். 425இல் ஏற்பது பொறி என்கிறார், கூடவே நிறமேறியது என்றும் சொல்கிறார். பொறி என்றால் உடலுறுப்பு. உறுப்பு நிறத்தை ஏற்கிறது என்றால் உறுப்புக்கு நிறம் வருகிறது என்றுதானே பொருள்?

இன்னும் இரண்டு சான்று.

ஒன்று, கண்ணின் உட்பகுதி நீரால் ஆனது, நீர் ஒளி ஊடுருவுவது, அதற்கென்று சொந்த நிறம் இல்லை. ஏன் சொந்த நிறம் கூடாது? வெண்மையையும் கருமையையும் உணர வேண்டியது இரண்டில் எதுவாகவும் இப்போது இருக்கக்கூடாது, இரண்டாகவும் ஆகக்கூடியதாக இருக்க வேண்டும் (424அ 7-9). நிறமே ஏறப்போவதில்லை என்றால் நிறமில்லாமல் இருக்கச் சொல்வானேன்?

இரண்டு, கனவுகளைப் பற்றிய சிறுநூலில் வரும் பின்பிம்பம் (459ஆ). சூரியனையோ பளிச்சென்ற வேறொன்றையோ பார்த்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். முதலில் அதே நிறம் தெரியும், பிறகு செந்நிறம், பிறகு ஊதா, கடைசியில் கருமையாகி மறையும் என்று வரிசைப்படுத்துகிறார். பொருள் போன பிறகும் பொறியில் ஏதோ மிஞ்சி, படிப்படியாக மாறுகிறது. உடலில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மிஞ்சுவது எது?

#4 வேம்படி

//உறுப்பு நிறத்தை ஏற்கிறது என்றால் உறுப்புக்கு நிறம் வருகிறது என்றுதானே பொருள்?//

அப்படியானால் வெயிலில் நிற்கும் செடி? அதற்கும் சூடு ஏறுகிறது. ஏன் அது சூட்டை உணர்வதில்லை?

#5 ஏடுபடிப்பவர்

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அரிஸ்டாட்டிலே அந்தக் கேள்வியை எழுப்புகிறார், 424அ 32இல். செடிக்கு உயிரின் ஒரு கூறு உண்டு, தொடப்படும் பண்புகளால் தாக்கமும் அடைகிறது, குளிர்கிறது, சூடாகிறது. பிறகு ஏன் உணர்வதில்லை? அவர் தரும் காரணம் இரண்டு. செடிக்கு 'மெஸோதேஸ்' இல்லை. வடிவை மட்டும் ஏற்பதற்கான மூலம் இல்லை, அது பொருண்மையோடு சேர்த்தே தாக்கப்படுகிறது.

மெஸோதேஸ் என்பதை நடுநிலை எனலாம். இதைப் புரிந்துகொள்ள இயல் 11க்குப் போக வேண்டும் (424அ 2-5). உங்கள் கையின் சூடும் வாளித் தண்ணீரின் சூடும் ஒன்றாக இருந்தால், கையை உள்ளே விட்டாலும் சூடோ குளிர்ச்சியோ தெரியாது. கொஞ்சம் கூடினால் சூடு, கொஞ்சம் குறைந்தால் குளிர்ச்சி. பொறி இரு முனைகளுக்கு நடுவே நிற்கிறது. அந்த நடுவிலிருந்து விலகலைத்தான் அளக்கிறது. நடு என்பதால்தான் தரம் பிரிக்க முடிகிறது. செடியின் உடலில் மண்ணே மிகுதி, அப்படி நடுவில் நிற்க அதனால் இயலாது என்பது அவர் கணக்கு.

இப்போது கருவிழிக்கு: வடிவை ஏற்பது என்பது வெறுமனே சூடாவதுதான் என்றால் செடியும் வடிவை ஏற்றதாகிவிடும். அரிஸ்டாட்டில் இல்லை என்கிறார். ஆகவே 'பொருண்மை இல்லாமல்' என்பது சூடாவதற்கு மேல் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

அந்த இயலின் கடைசி வரியையும் பாருங்கள் (424ஆ 16-18). மணத்தால் காற்று தாக்கப்படுகிறது, ஆனால் காற்று மோப்பதில்லை. அப்படியானால் தாக்கப்படுவதைத் தவிர மோத்தல் என்பது வேறென்ன? மோத்தல் உணர்தல், காற்றோ தாக்கப்பட்டதும் உணரப்படக்கூடியதாக ஆகிவிடுகிறது, அவ்வளவே. இங்கே பதிப்புக்குப் பதிப்பு ஒரு சொல் வித்தியாசம் உண்டு. 'காய்', அதாவது 'உம்', இருந்தால் "மோத்தல் உணர்தலும்கூட" என்று வரும், அதாவது தாக்கமும் நடக்கிறது, உணர்தலும் நடக்கிறது. இல்லாவிட்டால் "மோத்தல் என்பது உணர்தல்" என்று முடிந்துவிடும். ஓர் இடைச்சொல்லை நம்பி இரண்டு கட்சியும் பக்கம்பக்கமாக எழுதியிருக்கின்றன. கையில் உள்ள பதிப்பில் எது இருக்கிறது என்று பார்க்காமல் இந்த வரியைச் சான்றாகக் காட்டாதீர்கள்.

#6 நெய்தல்கரை

தொல்காப்பியத்தில் "புல்லும் மரனும் ஓரறிவினவே" என்று செடிக்குத் தொடுவுணர்வு கொடுத்திருக்கிறதே. அரிஸ்டாட்டில் அதையே மறுக்கிறார் என்பது வியப்பாக இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி ஏணி என்று நினைத்திருந்தேன்.

#7 ஏடுபடிப்பவர்

தொடுகைதான் அடிப்படை, அது இல்லாமல் மற்ற புலன்கள் இல்லை என்பதில் இரண்டும் ஒக்கும். எங்கே தொடங்குகிறது என்பதில் வேறுபடுகின்றன. தொல்காப்பியத்தில் ஏணியின் முதல் படியே ஊறு, அதாவது தொடுவுணர்வு. அரிஸ்டாட்டிலுக்கு அதற்கும் கீழே ஒரு படி உண்டு: உண்டு வளர்ந்து இனம் பெருக்கும் ஆற்றல். செடி அங்கேயே நின்றுவிடுகிறது. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று காட்ட எதுவும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

#8 செங்காந்தள்

அரிஸ்டாட்டில் யாரோடு சண்டை போடுகிறார் என்று பார்த்தால் 'பொருண்மை இல்லாமல்' என்ற தொடரின் கூர்மை தெரியும். அவருக்கு முந்தைய கிரேக்கச் சிந்தனையாளர்கள் இருவர்.

எம்பிடோக்ளிஸ்: எல்லாப் பொருளிலிருந்தும் நுண்ணிய கசிவுகள் வெளியேறுகின்றன, பொறியில் துளைகள் உள்ளன, அளவு பொருந்தினால் நுழையும். பெரிதானால் முட்டும், சிறிதானால் தொடாமலே போய்விடும். கண்ணால் ஓசை தெரியாததற்கு இதுவே காரணம். மண்ணால் மண்ணைக் காண்கிறோம், நீரால் நீரை, என்கிறார். டெமோக்ரிட்டஸ்: பொருளிலிருந்து வரும் கசிவும் கண்ணிலிருந்து வருவதும் நடுவில் உள்ள காற்றை அழுத்தி அச்சாக்குகின்றன, அந்த அச்சு ஈரமான கண்ணில் தோன்றுகிறது.

இருவரிடமும் பொருளின் ஏதோ ஒரு துணுக்கு நகர்ந்து வருகிறது. 'பொருண்மை இல்லாமல்' என்ற இரண்டு சொல் அந்தப் போக்குவரத்தையே வெட்டுகிறது. பொன் துகள் ஒன்றுகூட மெழுகுக்குப் போவதில்லை, ஆனாலும் முத்திரை விழுகிறது.

இன்னொன்று கவனியுங்கள். மெழுகு உவமையை டெமோக்ரிட்டஸே பயன்படுத்தியிருக்கிறார். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் புலன்களைப் பற்றிய தம் நூலில் அதை எடுத்து வைத்து மறுக்கிறார். அச்சு விழ வேண்டுமென்றால் அடர்த்தி வேண்டும், காற்றோ தளர்வானது, எப்படி அச்சைத் தாங்கும்? அடர்த்திதான் கணக்கு என்றால் நீரில் இன்னும் நன்றாகப் பதிய வேண்டும், ஆனால் நீர் வழியே பார்வை குறைகிறதே? ஆகவே அரிஸ்டாட்டில் புதிதாக ஓர் உவமை கண்டுபிடிக்கவில்லை. எதிராளியின் உவமையை வாங்கித் திருப்பி வைக்கிறார்.

பிளேட்டோவின் 'தியாயிதேதஸ்' நூலிலும் மெழுகு வரும் (191இ முதல்). அது நினைவுக்கான மெழுகு. சிலருக்குப் பெரிது, சிலருக்குச் சிறிது, சிலருடையது அழுக்கானது, சிலருடையது கடினம், சிலருடையது குழைவு. தெரிந்த இருவரைத் தூரத்தில் பார்த்து ஆள் மாற்றிச் சொல்வது செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுவது போல என்பார். அங்கே விளக்கப்படுவது தவறான கருத்து எப்படி வருகிறது என்பது. அதைப் படித்த கையோடு அரிஸ்டாட்டிலிடம் வந்தால், பதிவு ஒன்று உள்ளே தங்குவதைத்தான் அவரும் சொல்கிறார் என்று தோன்றிவிடும். 12ஆம் இயலில் தங்குவது பேச்சே இல்லை. தங்குவதற்கு அவர் தனியாக நினைவு பற்றிய சிறுநூலில் முத்திரையை மறுபடி எடுக்கிறார். சிறு குழந்தைக்கும் முதியவருக்கும் நினைவு நிற்காதது ஓடும் நீரில் முத்திரை குத்துவது போல என்று சொல்வது அங்கேதான்.

#9 கருவிழி

ஏடுபடிப்பவரின் செடி வாதம் கனமானது. சிவப்பாவது மட்டுமே உணர்தல் என்று நான் சொல்லவில்லை. சிவப்பாவது உணர்தலின் உடற்கூறு, உணர்தல் அதன் வடிவு என்கிறேன். வீட்டுக்குச் செங்கல்லைப் போல.

ஆனால் ஓர் இடத்தில் எனக்கே இடிக்கிறது. 424அ 28-32. உணரப்படுவது மிகையானால் பொறி கெட்டுவிடுகிறது. தந்தியை ஓங்கி அடித்தால் இசைவும் சுருதியும் குலைவது போல என்கிறார். கெடுவது எது? 'லோகோஸ்', அதாவது விகிதம். புலன் என்பதே அந்த விகிதமும் ஆற்றலும்தான், அதற்கு நீள அகலம் இல்லை. நீள அகலம் உள்ளது பொறி. இரண்டும் ஒன்றுதான், ஆனால் என்னவாக இருக்கின்றன என்பதில் வேறு (424அ 24-28). அப்படியானால் ஏற்கப்படும் 'வடிவு' என்பதும் ஒரு விகிதமாக இருக்கலாமே? விக்டர் காஸ்டன் 2005இல் எழுதியது கிட்டத்தட்ட இந்த நடுவழி: பொறியில் பௌதிக மாற்றம் உண்டு, ஆனால் அது அப்படியே அதே சிவப்பாக இருக்க வேண்டியதில்லை, சிவப்பின் விகிதத்தைத் தாங்கியிருந்தால் போதும். மோதிரத்தில் குழிவாக இருப்பது மெழுகில் மேடாகத்தான் வருகிறது. ஆனாலும் அதே முத்திரை.

#10 வேம்படி

குழிவு மேடாவது பற்றி நான் யோசித்ததே இல்லை. நன்றி.

அப்படியானால் பர்ன்யெட் தரப்பு முழுக்கத் தோற்றதா?

#11 ஏடுபடிப்பவர்

இல்லை. அவர் வாதத்தின் உயிர்நிலை கண் சிவப்பாகிறதா என்பதில் இல்லை. 1970களில் ஹிலரி பட்னம் போன்ற மெய்யியலாளர்கள் அரிஸ்டாட்டிலைத் தங்கள் முன்னோடியாக எடுத்துக்கொண்டார்கள்: மனம் ஒரு செயலமைப்பு, எந்தப் பொருளிலும் அதை அமைக்கலாம், செம்பிலும் சதையிலும். பர்ன்யெட் அதைத்தான் உடைக்கிறார். முன்னே சொன்ன கல் கண்ணை நினைத்துப் பாருங்கள். அரிஸ்டாட்டிலின் சதை ஏற்கெனவே உயிருள்ள சதை. உயிர் போனால் அது சதையே இல்லை. முதலில் உயிரற்ற ஜடம், பிறகு அதன்மேல் உணர்வு எப்படி ஏறியது என்ற நம் காலத்துக் கேள்வி அவருக்கு எழவே இல்லை. டெக்கார்ட்டுக்குப் பிறகு ஜடத்தைப் பற்றிய நம் எண்ணம் மாறிவிட்டது, ஆகவே அரிஸ்டாட்டிலின் இந்தக் கொள்கையை இன்று கடன் வாங்க முடியாது, ஒதுக்கித்தான் வைக்க வேண்டும் என்பது அவர் முடிவு. முடிவை ஏற்காதவர்கள்கூட அந்தச் சதை வாதத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.

எனக்கு அவரிடம் நிற்காத இடம் வேறு. மூன்றாம் புத்தகம், இயல் 4 (429அ 29-ஆ 5). பெரும் ஓசைக்குப் பிறகு மெல்லிய ஓசை கேட்பதில்லை, கூசும் நிறத்துக்குப் பிறகு கண் தெரிவதில்லை. ஆனால் 'நூஸ்', அதாவது அறிவு, கடினமான ஒன்றை அறிந்த பிறகு எளியவற்றைக் குறைவாக அறிவதில்லை, இன்னும் நன்றாகவே அறிகிறது. காரணம், புலன் உடல் இல்லாமல் இல்லை, நூஸ் தனித்தது, அதற்குப் பொறி கிடையாது. பொறியில் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் இந்த வேறுபாட்டுக்கே இடமில்லாமல் போய்விடும். மங்குவதற்கு அங்கே ஏதோ தாக்கப்பட்டிருக்க வேண்டும்.

#12 நெய்தல்கரை

இடையில் ஒரு சந்தேகம். 'பொதுப்புலன்' என்று மூன்றாம் புத்தகத்தில் வருகிறதே, அது நாம் சொல்லும் பொது அறிவா? ஆறாவது புலனா?

#13 செங்காந்தள்

இரண்டும் இல்லை. இயல் 1இன் தொடக்கத்திலேயே ஐந்துக்கு மேல் புலன் இல்லை என்று வாதிடுகிறார்.

சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்மை கண்ணுக்கு, இனிப்பு நாக்குக்கு. வெண்மை வேறு, இனிப்பு வேறு என்று சொல்வது எது? கண்ணுக்கு இனிப்பு தெரியாது, நாக்குக்கு வெண்மை தெரியாது. இரண்டு தனித்தனி ஆட்கள் ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றொன்றையும் உணர்ந்தால் வேறுபாடு வெளிப்படாது. நான் ஒன்றை உணர்ந்து நீங்கள் மற்றொன்றை உணர்வதைப் போலத்தான் (426ஆ 17-20). ஆகவே ஒன்றே, ஒரே நேரத்தில், இரண்டையும் உணர வேண்டும். ஐந்து புலன்களும் சேர்ந்து இயங்கும் அந்த ஆற்றல்தான் பொதுப்புலன். இயக்கம், ஓய்வு, எண், உருவம், அளவு ஆகிய ஐந்தும் ஒன்றுக்கு மேற்பட்ட புலன்களுக்குப் பொதுவானவை. அவற்றை அறிவதும் இதன் வேலை. சர்க்கரை அவர் எடுத்துக்காட்டு அல்ல, வெள்ளையும் இனிப்பும் அவருடையவை.

'ஃபந்தாஸியா' என்பதைக் கற்பனை என்று மொழிபெயர்ப்பதும் இதே வகைப் பிழை. சூரியன் ஓரடி அகலமாகத் தோன்றுகிறது, மக்கள் வாழும் நிலப்பரப்பைவிடப் பெரிது என்று நம்புகிறோம் (428ஆ 2-4). நம்பிக்கை மாறிய பிறகும் தோற்றம் மாறுவதில்லை. அந்தத் தோற்றம்தான் ஃபந்தாஸியா. 'தோற்றம்' என்றே எழுதினால் பாதிச் சிக்கல் தீரும்.

#14 வேம்படி

இவ்வளவையும் வைத்துக்கொண்டு 424அ 17-24ஐத் தமிழில் எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்.

"எந்தப் புலனைப் பற்றியும் பொதுவாகக் கொள்ள வேண்டியது இது: புலன் என்பது உணரப்படும் வடிவுகளைப் பொருண்மை இல்லாமல் ஏற்க வல்லது; மெழுகு மோதிரத்தின் முத்திரையை இரும்பும் பொன்னும் இல்லாமல் ஏற்பது போல. பொன் முத்திரையையோ வெண்கல முத்திரையையோ அது பெறுகிறது, ஆனால் பொன்னாகவோ வெண்கலமாகவோ அல்ல. அதுபோலவே ஒவ்வொன்றின் புலனும் நிறமோ சுவையோ ஓசையோ உடையதால் தாக்கம் அடைகிறது, ஆனால் அவை ஒவ்வொன்றும் இன்ன பொருள் எனப்படுவதால் அல்ல, இத்தன்மையது என்பதால், விகிதத்தின்படி."

#15 கருவிழி

"பொன்னாகவோ வெண்கலமாகவோ அல்ல" என்பதில் மட்டும் கை வைக்கிறேன். அங்கே கிரேக்கத்தில் 'ஹே' என்ற ஓரெழுத்துச் சொல். உங்கள் வாக்கியப்படி படிப்பவர், மெழுகு பொன்னாக மாறவில்லை என்று எடுத்துக்கொள்வார். அவர் சொல்வது அதுவல்ல. தாக்குவது பொன் மோதிரமேதான், ஆனால் அது பொன் என்ற வகையில் தாக்கவில்லை. "பொன் என்ற வகையிலோ வெண்கலம் என்ற வகையிலோ அல்ல" என்று போடுங்கள். அதே 'ஹே' அடுத்த வாக்கியத்திலும் இரண்டு முறை வருகிறது. அங்கேயும் "இன்ன பொருள் என்ற வகையில் அல்ல, இத்தன்மையது என்ற வகையில்" என்று மாற்றினால் மூன்றும் ஒன்றோடொன்று பேசும். செம்பருத்தி, செம்பருத்தி என்ற வகையில் கண்ணைத் தாக்குவதில்லை, சிவப்பு என்ற வகையில் தாக்குகிறது.

#16 ஏடுபடிப்பவர்

கருவிழி சொன்னது சரி. தொடர்ந்து வரும் 424அ 24ஐயும் சேர்த்துவிடுங்கள், அதில்தான் பொறி வருகிறது: "முதன்மைப் பொறி என்பது இத்தகைய ஆற்றல் எதில் இருக்கிறதோ அது." அந்த வரியை வெட்டிவிட்டுப் பாதியில் மேற்கோள் காட்டுவதால்தான் வெறும் புலனைப் பற்றிய பேச்சாகத் தெரிகிறது.

#17 வேம்படி

மாற்றிவிட்டேன், 24ஆம் வரியையும் சேர்த்தாயிற்று. அடுத்து 425ஆ 22ஐ இதே போல எடுத்துக்கொள்ளலாம். "ஒரு வகையில் நிறமேறியது" என்பதில் அந்த 'ஒரு வகையில்' எந்த அளவுக்குத் தளர்த்துகிறது என்பதில் கருவிழியும் ஏடுபடிப்பவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. புது இழை தொடங்குகிறேன்.